குர்குமின் நானோ துகள்: 95 சதவீதம் என்று வந்தால் எங்கே பார்க்க வேண்டும்

பாலிமர் நானோ துகளுக்குள் மருந்தை ஏற்றப் பழகுபவர்கள் கையில் அடிக்கடி வருவது, மஞ்சள் கிழங்கின் நிறப்பொருளான குர்குமின். விலை குறைவு, மஞ்சள் நிறம் கண்ணுக்கே தெரியும், சுமார் 425 நானோமீட்டர் ஒளியில் எளிதாக அளக்கலாம். ஆனால் தண்ணீரில் அது கிட்டத்தட்ட கரையாது. துகளுக்குள் போகாத குர்குமினையும் போனதாகக் கணக்குக் காட்ட அந்தக் குணம் ஒன்றே போதும். போட்டதில் 95 சதவீதம் உள்ளே போய்விட்டது என்று முடிவு வந்தால் சந்தேகப்பட வேண்டியது அதனால்தான்.

செய்முறை, 1989-இல் ஃபெஸ்ஸி குழுவினர் வெளியிட்ட நானோ வீழ்படிவு முறைதான்: பாலிமர் கரைசலைத் தண்ணீரில் செலுத்தினால் பாலிமர் நுண்துகள்களாகப் பிரிந்து விழும். 50:50 பி.எல்.ஜி.ஏ. (லாக்டிக், கிளைகாலிக் அமில அலகுகள் சரிபாதியாகச் சேர்ந்த பாலிமர்) 50 மி.கி., குர்குமின் 2.5 மி.கி. இரண்டையும் 5 மி.லி. அசிட்டோனில் கரையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பி.எல்.ஜி.ஏ. புட்டியை அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்கவே கூடாது. ஈரம் படிந்தால் எஸ்டர் பிணைப்புகள் அறுபட்டு, அடுத்த மாதம் அதே புட்டி வேறு பாலிமர் போல நடந்துகொள்ளும். பாலிஸ்டைரீன் குழாய், குவெட் (ஒளி அளவீட்டுக்கான சிறு கலம்) எதையும் அசிட்டோன் அருகே கொண்டுவர வேண்டாம், கரைந்துவிடும். கண்ணாடி அல்லது பாலிபுரொப்பிலீன் போதும்.

நீர்ப் பகுதி 20 மி.லி., அதில் 0.5 சதவீதம் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது). பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கியபடியே தூவி, பிறகு 85 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். ஆறியதும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கவும்.

காந்தக் கலக்கி நன்றாகச் சுழலும்போது, ஊசிமுனை திரவத்துக்குள் அமிழ்ந்திருக்க, அசிட்டோன் கரைசலைத் தயங்காமல் ஒரே வேகத்தில் செலுத்துங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால், கடைசிச் சொட்டு விழும் நீரில் ஏற்கெனவே அசிட்டோன் சேர்ந்திருக்கும். முதல் சொட்டுக்கும் கடைசிச் சொட்டுக்கும் சூழல் வேறாவதால் அளவும் சிதறும். பாலிமர் செறிவைக் கூட்டினால் துகள் பெரிதாகும். அசிட்டோன் ஆவியாக, ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்) 3–4 மணி நேரம், வெளிச்சம் படாமல் கலக்கவும். அவசரத்துக்குச் சூடாக்க வேண்டாம். ஈரமான பி.எல்.ஜி.ஏ. உடல் வெப்பநிலை அருகிலேயே இளகி ஒட்டத் தொடங்கும்.

இனித்தான் முக்கியமான இடம். பலர் நேராக அதிவேக சென்ட்ரிஃபியூஜுக்குப் போய், மேல்நீரில் குர்குமின் இல்லை, ஆகவே எல்லாம் உள்ளே என்று எழுதிவிடுகிறார்கள். மேல்நீரில் எப்படி இருக்கும்? ஏறாத குர்குமின் படிகமாகி, துகள்களோடு சேர்ந்தே அடியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வண்டலை அப்படியே அசிட்டோநைட்ரைலில் கரைத்து நேரடியாக அளந்தாலும் படிகமும் கணக்கில் வந்துவிடும்.

அதனால் முதலில் 1,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 1,000 மடங்கு விசையில்) 5 நிமிடம் மட்டும் சுழற்றுங்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் படிவது படிகமும் திரண்ட துகளும். அதை எறியாமல் தனியே அளந்து வையுங்கள். மேலே உள்ள பால் போன்ற திரவத்தை 15,000 ஜி, 4 டிகிரியில் 30 நிமிடம் சுழற்றி, இரண்டு முறை கழுவவும். மேல்நீர் இன்னும் நீலம் கலந்த வெண்மையாகத் தெரிந்தால் சிறிய துகள்கள் இறங்கவில்லை என்று பொருள். கழுவாமல் உலர்த்தினால், 20 மி.லி.யில் இருந்த 100 மி.கி. பி.வி.ஏ.வும் உங்கள் விளைச்சலில் சேர்ந்துவிடும். போட்ட பாலிமரைவிட அது இரு மடங்கு! உறையவைத்து உலர்த்தும் முன் 5 சதவீதம் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்காவிட்டால் துகள்கள் மறுபடி பிரிவது கடினம்.

சிறு படிகங்கள் 1,000 ஜி-யிலும் தப்பலாம். ஒரு துளியை முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள், படிகம் இருந்தால் பளிச்சென்று மின்னும். பாலிமரே போடாமல் குர்குமினை மட்டும் இதே வழியில் ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்ல சோதனை. அந்த ஓட்டத்திலும் 90 சதவீதம் 'உள்ளே' என்று வந்தால் உங்கள் கணக்குமுறையே தவறு.

மருந்து வெளியேறும் வேகத்தை அளக்கும்போதும் இதே பொறி உண்டு. சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பைக்குள் குர்குமின் வெறும் படிகமாக இருந்தாலும் மெதுவாகத்தான் வெளியே வரும், வரைபடத்தில் அது நீடித்த வெளியீடு போலவே தெரியும். போதாததற்கு, சீரம் இல்லாத 7.4 பி.எச். பாஸ்பேட் கரைசலில் 37 டிகிரியில் குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். வெளிக்கரைசலில் ட்வீன் 80 (குர்குமினைக் கரைத்து வைக்க உதவும், சோப்புப் போன்ற பொருள்) சேர்த்து, வெளியே வந்ததோடு பைக்குள் மீந்ததையும் அளந்து கூட்டுங்கள். வெறும் குர்குமின் வைத்த பை ஒன்றும் பக்கத்திலேயே ஓடட்டும்.