சிவப்பு மையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: தொடக்க வகுப்பில் எழுதக் கற்பித்தல்

கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதிப்போட்டு "பத்து வரி எழுதுங்க" என்று சொன்னால் இரண்டாம் வகுப்பில் என்ன நடக்கும் என்பது பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும். நாலைந்து பேர் எழுதுவார்கள். சிலர் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். மீதிப் பேர் பென்சில் சீவுவார்கள். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடக்கூடாது. என்ன சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, அதற்கு எந்த எழுத்து, கொம்பு எங்கே போடுவது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறோம். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்குச் சொல்ல வந்தது பாதியிலேயே மறந்துபோகிறது. அதனால் நாங்கள் செய்வது, இந்தச் சுமைகளைப் பிரித்து வேறு வேறு நேரத்தில் கொடுப்பதுதான்.

முதலில் பேச்சு. நாற்பது நிமிட வகுப்பு என்றால் எட்டு நிமிடம் ஆசிரியர் எழுதிக்காட்ட, மூன்று நிமிடம் பிள்ளைகள் ஜோடியாகப் பேச, இருபது நிமிடம் எழுத, ஐந்து நிமிடம் இரண்டு பேர் எழுந்து வாசிக்க. மிச்சம் நோட்டு கொடுப்பதிலும் வாங்குவதிலும் போய்விடும். அந்த மூன்று நிமிடப் பேச்சை வெட்டினால் எழுதும் இருபது நிமிடமும் வீண். வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான் தாளில் இறங்கும். முதல் வகுப்பில் பேச்சுக்கு முன்னால் ஒரு படம் வரையச் சொல்லலாம். படத்தில் இருப்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பதே முதல் வரியாகிவிடும்.

தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும். 'விடுமுறை' என்று கொடுத்தால் முப்பது நோட்டிலும் "விடுமுறை மகிழ்ச்சியாக இருந்தது" என்ற ஒரே வரி வரும். 'செருப்பு அறுந்த நாள்' என்று கொடுத்தால் முப்பது விதமாக வரும்.

ஆசிரியர் எழுதிக்காட்டும்போது முன்பே தயாரித்த பத்தியை மளமளவென்று எழுதக்கூடாது. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லி, ஒரு சொல்லை அடித்து வேறு சொல் போட வேண்டும். அடிப்பதும் எழுதுவதில் சேர்ந்ததுதான் என்று பிள்ளை அங்கேதான் பார்க்கிறது. முடிந்ததும் பலகையைத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பாதி வகுப்பு அதையே பார்த்து எழுதும்.

நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்கிறோம். திருத்தவும் சேர்க்கவும் இடம் கிடைக்கும். ரப்பர் பைக்குள் போய்விட வேண்டும். தப்பு என்று தோன்றினால் ஒரு கோடு போதும். ரப்பர் தின்னும் நேரம் ஒருபுறம் இருக்கட்டும், அழித்துவிட்டால் பிள்ளை முதலில் என்ன நினைத்தது என்பது நமக்குத் தெரியாமல் போகிறது.

இரண்டாம் வகுப்பில் அடிக்கடி பார்க்கும் வகை எழுத்து இது:

"நான் விலையாடினேன். பந்து தன்னில விலுந்துருச்சு. அண்ணன் எடுத்து குடுத்தான்."

சிவப்பு மையைத் திறந்தால் ஆறு வட்டம் போடலாம். போட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை வைத்து இரண்டே வரி எழுதும். அதற்குப் பதிலாகப் பிழைகளை வகை பிரித்துப் பாருங்கள். 'விலையாடினேன்', 'விலுந்து' இரண்டும் ஒரே வகை: ள, ழ இரண்டும் காதில் ல ஆகவே விழுகின்றன. 'தன்னி' என்று எழுதிய அதே கை 'அண்ணன்' என்று சரியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ண தெரியாத பிள்ளை இல்லை. 'அண்ணன்' கண்ணால் பலமுறை பார்த்த சொல், 'தண்ணீர்' காதால் மட்டும் கேட்ட சொல். அதனால் 'ண, ன வேறுபாடு' என்று தனிப்பாடம் நடத்துவதைவிட, அதிகம் புழங்கும் சொற்களைச் சுவரில் ஒட்டி வாரம் ஐந்து சேர்ப்பது பலன் தரும். 'விலுந்துருச்சு', 'குடுத்தான்' பேச்சு வழக்கு. முதல் எழுத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு "வந்துச்சு - வந்தது, விழுந்துருச்சு - விழுந்துவிட்டது" என்று மாற்றிச் சொல்லும் விளையாட்டாக வைத்தால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். கதையில் யாராவது பேசினால் மேற்கோள் குறிக்குள் பேச்சுத்தமிழை அப்படியே விடலாம் என்று சொல்லிப் பாருங்கள், உரையாடல் எழுத அடித்துக்கொண்டு வருவார்கள்.

ஆக, அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்க வேண்டியது: "பந்து எப்படித் தண்ணிக்குள்ள போச்சு?" பிள்ளை சொல்லும் பதிலை இடைவெளி வரியில் அதுவே எழுதட்டும். அதன்பின் ஒரே ஒரு திருத்தம், அவ்வளவுதான். பென்சில் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று, நான்கு நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் முப்பது பேருக்கும் ஆறு வகுப்பில் ஒரு சுற்று முடியும். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் முறை 1980களில் பரவியதற்கு, எழுதக் கற்பித்தலை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் டொனால்ட் கிரேவ்ஸ் முக்கியக் காரணம். ஆனால் வகுப்பு அமைதியாக எழுதப் பழகும் முன் இதைத் தொடங்கினால் தோற்றுவிடும். "டீச்சர், முடிச்சிட்டேன்" என்று வரிசை கட்டி நிற்பார்கள். முடித்தவர்கள் என்ன செய்வது என்பதை (படம் சேர்க்கலாம், ஜோடிக்கு வாசித்துக் காட்டலாம், அடுத்ததைத் தொடங்கலாம்) முதல் இரண்டு வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

எழுத்து வடிவத்தில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிர் ஒலி பின்னால் வருகிறது, குறியோ முன்னால் நிற்கிறது. கொ, கோ இரண்டிலும் குறி இருபுறமும். 'கொடி' என்று எழுதப்போய்ப் பலர் 'கெடி' என்று விட்டுவிடுவது இதனால்தான்: கொம்பு போட்டு எழுத்தையும் எழுதியதும் வேலை முடிந்ததாகத் தோன்றி, கால் விடுபடுகிறது. கட்டுரையில் இதைத் திருத்திப் பயனில்லை. தினமும் ஐந்து நிமிடம், எட்டுச் சொல் சொல்வதெழுதுதல், அதில் பாதி கொம்புச் சொற்கள் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கை வேகமானால் கட்டுரை தானாக நீளும்.

மூன்றாம் வகுப்பில் வேறு நோய்: "அப்புறம் போனேன். அப்புறம் சாப்பிட்டேன். அப்புறம் தூங்கினேன்." 'அப்புறம்' போடாதே என்று சொன்னால் 'பிறகு' வரும். வாக்கியங்களைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தால்தான் போகும். "வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்" என்று வினையெச்சத்தால் கோக்கச் சொல்லுங்கள். வினையெச்சம் என்ற பெயர் பிள்ளைகளுக்குத் தேவையில்லை, பழக்கம் போதும். கொடுக்கும் வாக்கியங்கள் அவர்கள் நோட்டிலிருந்தே வரட்டும்.

ஒற்று மிகுதலை நான்காம் வகுப்புக்கு முன் இழுக்காமல் இருப்பது நல்லது. தொடங்கும்போதும் முழுப் பட்டியல் வேண்டாம். ஐ, கு உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று வரும் (பாடத்தைப் படித்தேன், பள்ளிக்குப் போனேன்) என்ற ஒன்றை மட்டும் ஒரு பருவம் முழுக்கப் பழக்கினாலே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும்.

ஆசிரியர் வளர்வது நோட்டைப் படிக்கும் விதத்தில்தான் என்பது என் கணிப்பு. மாதம் ஒருமுறை உதவியில்லாமல் பத்து நிமிடம் எழுதச் சொல்லி, தேதி போட்டு வாங்கி வைக்கிறோம். மதிப்பெண் போடுவதில்லை. சொல்ல விஷயமில்லாதவர்கள், விஷயம் இருந்தும் கை ஓடாதவர்கள், எழுதுகிறார்கள் ஆனால் கோவையில்லை என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் அடுத்த வாரப் பாடம் தானே தெரிந்துவிடும். முதல் அடுக்குக்குப் பேச்சும் படமும், இரண்டாவதற்குச் சொல்வதெழுதுதல், மூன்றாவதற்கு வாக்கியம் சேர்த்தல்.

இன்னொரு பழக்கம்: இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே நோட்டின் நகலைத் தனித்தனியாகப் படித்து, 'இந்தப் பிள்ளைக்கு அடுத்து எதைச் சொல்லித்தருவேன்' என்று ஒரே வரி எழுதிக்கொண்டு வந்து ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் ஒருவர் கையெழுத்தைச் சொல்வார், ஒருவர் ஒற்றுப்பிழையைச் சொல்வார், மூன்றாமவர் கதை பாதியில் நிற்கிறதே என்பார். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு நோட்டுக்கு மேல் போகாது.