ரிவால்வர் உரிமம் புதுப்பித்த கதை

ஒருவழியாக ரிவால்வர் உரிமம் புதுப்பித்து வந்துவிட்டது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு செல்லும் என்பதால், கொஞ்ச காலத்துக்கு உரிமம் தரும் அலுவலகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

காவல் நிலைய விசாரணை, கட்டணம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது எஸ்-2 படிவம்தான், ஆயுதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. எஸ்-3 மருத்துவச் சான்றோடு சேர்த்தே கொடுத்திருந்தேன். "எஸ்-2 இல்லையே சார்" என்றார் எழுத்தர். கோப்பைப் பாருங்கள் என்றால், "மேடம் லீவு, அடுத்த வாரம் வாங்க." தோட்டத்திலிருந்து மலையிறங்கிப் போய்வர ஒரு பகல் காலி. கடைசியில் அந்தத் தாள் மருத்துவச் சான்றுக்குப் பின்னாலேயே பின் குத்தியபடி இருந்தது! எந்தத் தாள் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

இதற்குள் பழைய உரிமம் முடியும் நாள் நெருங்கிவிட்டது. "அப்ளை பண்ணியாச்சே, வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார் எழுத்தர். வக்கீல் மாமா விடவில்லை. "அவர் சொன்னது கோர்ட்ல நிக்காது மாப்ளே. உரிமம் முடிஞ்ச துப்பாக்கி வீட்டில் இருந்தா உன் மேலதான் கேஸ். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடு." ஒப்படைத்தேன். ரைட்டர் 'தோட்டாக்கள்' என்று மட்டும் எழுதப் போனார். மேசையில் வரிசையாக அடுக்கி, எண்ணி, ரசீதில் எண்ணிக்கையைப் போட வைத்தேன்.

அப்புறம் மாமா கேட்டார்: "ராத்திரி மிளகு மூட்டையோட ஒருத்தன் ஓடுறான். சுடுவியா?" இத்தனை படிவங்களில் ஒன்றுகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. 37ஆம் பிரிவைத்தான் மாமா இரண்டு முறை படிக்க வைத்தார். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. கொள்ளை, இரவில் பூட்டை உடைத்து நுழைவது, வீட்டுக்குத் தீ வைப்பது போன்றவற்றில் உயிர் போனாலும் 41ஆம் பிரிவு இடம் தருகிறது, அதுவும் 37க்கு உட்பட்டுத்தான். உயிர் பயமோ கொடுங்காயம் படும் பயமோ இல்லாத வெறும் திருட்டுக்கு அந்த அளவு கிடையாது. முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்றால் யார் நம்புவார்கள்? அதை நிறுவும் பொறுப்பும் சுட்டவர் தலையில்தான்.

துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போகும்போது அசல் உரிமமும் ஸ்டேஷன் ரசீதும் கையில் இருக்கட்டும். எனக்கு முன்னால் நகலோடு நின்றவரை வந்த வழியே அனுப்பிவிட்டார்கள்.