மாஸ்க்குக்குள் தெலுங்கு: விசாகப்பட்டினம் நாட்குறிப்பு

2021 பிப்ரவரி 10, புதன்

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொரோனாவால் இப்போது ஓடுவதெல்லாம் ஸ்பெஷல் ரயில்தான், எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம். ஏசி பெட்டியில் போர்வை, தலையணை எதுவும் கிடையாது, திரைச்சீலையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். நல்லவேளை, சால்வை கொண்டுவந்திருந்தேன்.

"இந்த நேரத்துல, அதுவும் தனியா, எதுக்குடி?" என்று அம்மா போனில் கேட்டாள். என்ன சொல்வது? போன மார்ச்சிலிருந்து ஒற்றை அறையில் லேப்டாப் முன்னால் தனியாகக் கிடந்தவள் லீவு போட்டுவிட்டு மறுபடியும் தனியாகவே கிளம்பினால் கேட்கத்தான் செய்வார்கள். நாலு பேர் நடமாடும் இடத்தில் தனியாக இருக்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ராஜமுந்திரியில் கோதாவரி வந்ததும் பெட்டியே ஜன்னல் பக்கம் திரண்டது. பாலம் முடியும்வரை சமூக இடைவெளி யாருக்கும் ஞாபகமில்லை.

பிப்ரவரி 11, வியாழன்

நேற்று இரவு ஓட்டலில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரை நீட்டிவிட்டு, "ஒக்கரேனா மேடம்?" என்று கேட்டார்கள். ஆமாம், ஒருத்திதான். பதிவேட்டில் எழுதும்வரை அந்தப் பையன் நம்பவில்லை.

இன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. டிவியில் படம் பார்த்துப் பார்த்து வந்த என் தெலுங்கில் பாதி காதால் வந்தது, மீதி எதிராளியின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டது போல. எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டதும் அந்த மீதி போயே போய்விட்டது. ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்பதை அவர் விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து யாரிடமும் ரெண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முடியவில்லை, அதற்கு என் அறையிலேயே இருந்திருக்கலாம்.

சாயங்காலம் ஆர்.கே. பீச். இங்கே கடல் பார்ப்பதற்குத்தான், குளிப்பதற்கு இல்லை, இழுப்பு அதிகம். கரையிலேயே ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. 1969-ல் சோவியத் யூனியனிலிருந்து வாங்கிய நீர்மூழ்கிக் கப்பல், 2001-ல் ஓய்வு, மறு வருஷமே அருங்காட்சியகம். 90 மீட்டருக்கு மேல் நீளம் என்றாலும் உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். கொரோனா காலத்தில் ஊரார் மூச்சையெல்லாம் அடைத்துவைத்த குழாய்க்குள் நான் எதற்குப் போகிறேன்? வெளியே நின்று அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு புனுகுலு கடை, நம்மூர் குட்டி போண்டா மாதிரி எண்ணெயில் பொரிப்பது. சூடாகப் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட வேண்டுமென்றால் மாஸ்க்கை இறக்கித்தானே ஆகவேண்டும்? சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் சட்டென்று மூக்கும் வாயும் முளைத்தன, எனக்குத் தெலுங்கும் திரும்பி வந்தது! எந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று டிவியில் தினமும் சொல்கிறார்களோ அதே இடம். தெரிந்தேதான் இன்னொரு தட்டு வாங்கினேன்.

பேச்செல்லாம் கொரோனா பற்றி இல்லை, உருக்காலை பற்றித்தான். மத்திய அரசு விசாகப்பட்டினம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க முடிவெடுத்த செய்தி வந்து சில நாள்தான் ஆகிறது. 1966-ல் இந்த ஆலை வேண்டுமென்று நடந்த போராட்டத்தில் 32 பேர் செத்தார்கள் என்று பெரியவர் ஒருவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார். நேற்று நடந்ததைச் சொல்கிற கோபம் அவர் குரலில்.

பிப்ரவரி 12, வெள்ளி

ருஷிகொண்டா. போன அக்டோபரில், சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக் கொடி தகுதி கிடைத்த எட்டு இந்தியக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. சுத்தமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அளவுக்கு மீறிய சுத்தம், எனக்கு ஒட்டவில்லை.

பிப்ரவரி 13, சனி

விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகம். ஏலம் போடுகிறவர்களுக்கு மாஸ்க் தாடையில், இல்லாவிட்டால் குரல் எங்கே எழும்பும்? எனக்கும் வசதி. கருவாடு விற்கிற ஒரு அக்கா பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் மகன் குஜராத்தில் வேராவலில் படகு வேலைக்குப் போனவன். ஊரடங்கு வந்ததும் இந்தப் பக்கத்து மீனவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாட்டிக்கொண்டார்கள், படகிலேயே தூங்கி, படகிலேயே சமைத்து. கடைசியில் பஸ் விட்டுத்தான் கூட்டி வந்தார்கள். வந்தவனை நேரே வீட்டுக்கு விடவில்லை, முகாமில் வைத்தார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன் என்றார். அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்தது பற்றிக் கேட்டேன். "பிடிச்சு யாருக்கு விக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்.

நீ யாருடன் வந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது வஞ்சரக் கருவாடு வாங்கினேன், பேரம் பேச மனசில்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

திரும்பும் ரயில். தொண்டையில் லேசாகக் கரகரப்பு, புனுகுலு எண்ணெயா மற்றதா என்று தெரியவில்லை. கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுப் பக்கம் போகப்போவதில்லை. இதைச் சொன்னதும் திட்ட ஆரம்பித்தவள், கருவாடு என்றதும், "நல்லாக் கட்டி வெச்சியா?" என்றாள்.

நன்றாகக் கட்டவில்லை. வாசனை எனக்கு நன்றாகவே வருகிறது, ஆக மூக்கு வேலை செய்கிறது, பயமில்லை. எதிர் சீட்டுக்காரருக்கும் வருகிறது போல, விசாகப்பட்டினத்திலிருந்து தாடையிலேயே கிடந்த மாஸ்க்கை இப்போதுதான் மூக்குக்கு மேல் ஏற்றியிருக்கிறார்.