சாம்பிள் லைப்ரரி எடுக்குறதுக்கு முன்னாடி உங்க பாட்டுல ஒரு வரி வாசிச்சுப் பாருங்க

ரங்கூன்ல கீபோர்ட் வாசிக்கிற நம்ம பசங்க நிறைய பேரு இப்ப லேப்டாப்லயே பாட்டு பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, கோயில் திருவிழாவுக்கு சாமி பாட்டு, கல்யாண வீடியோவுக்கு பின்னணி, ஏப்ரல்ல பர்மாக்காரங்களோட வருஷப் பிறப்பு திஞ்சானும் நம்ம வருஷப் பிறப்பும் சேர்ந்து வர்ற நேரத்துல மேடைக்கு டிராக்குன்னு வேலை இருந்துகிட்டே இருக்கு, பாக்கவே சந்தோஷமா இருக்கு. எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே, எந்த லைப்ரரி போடலாம், எதுல நிறைய வாத்தியம் இருக்கு, எத்தனை ஜிபி?" லைப்ரரின்னா நிஜ வாத்தியத்தைப் பதிவு பண்ணி கீபோர்டுல வாசிக்கிற மாதிரி வச்சிருக்குற சவுண்டுத் தொகுப்பு. தனித்தனியா பதில் சொல்றதை விட இங்க ஒரே தடவையா எழுதிடலாம்னு தோணுச்சு.

ஜிபி கணக்கை மறந்துடுங்க தம்பிங்களா. ஒரு லைப்ரரி நமக்கு ஆகுமா ஆகாதான்னு பாக்குறதுக்கு நான் செய்றது ஒண்ணே ஒண்ணுதான், இப்ப பண்ணிக்கிட்டிருக்குற பாட்டுல எந்த வரி ரொம்ப கஷ்டமோ அதை அந்த சவுண்டுல வாசிப்பேன், கம்பெனிக்காரன் போட்டிருக்குற டெமோ பாட்டை நம்பவே மாட்டேன், ஏன்னா அந்த டெமோ அந்த வாத்தியத்துக்கு எது நல்லா வருமோ அதை மட்டும் வச்சு எழுதினது. நம்ம பாட்டுல வேலை நடக்குறது ஒரு சுரத்துல இருந்து அடுத்த சுரத்துக்குப் போற வழியில. சாம்பிள்னா ஒவ்வொரு சுரத்தையும் தனியா பதிவு பண்ணி ஒவ்வொரு கட்டைக்கும் ஒட்டி வச்சது, அப்ப இந்த வழியிலதான் அது மாட்டிக்கும். 1963ல பர்மிங்ஹாம்ல மெல்லோட்ரான்னு ஒரு கருவி வந்துச்சு, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ஒரு டேப் துண்டு, அமுக்கினா ஒரு எட்டு செகண்டு ஓடும், அப்புறம் நின்னுடும். இன்னைக்கு டேப்புக்குப் பதிலா எஸ்எஸ்டி, மத்தபடி அடிப்படை அப்படியேதான் இருக்கு, பதிவு பண்ணாத விஷயம் கட்டையில இருந்து வராது.

நாதஸ்வரத்தையே எடுத்துக்கலாம். தோடியில காந்தாரம், சி-யை சட்ஜமா வச்சா டி ஷார்ப் கட்டை. அதை சும்மா அமுக்கிப் பிடிச்சீங்கன்னா அது தோடியே கிடையாது, எந்த வித்வான் காதுலயும் அது பொய்யாத்தான் கேக்கும், அந்த காந்தாரம் கீழ ரிஷபத்துப் பக்கமும் மேல மத்யமத்துப் பக்கமும் ஆடணும். கீபோர்டுல சுதியை வளைக்கிற சக்கரம் இருக்கே, பிட்ச் பெண்டு வீல், அதை ரெண்டு செமிடோனுக்கு, அதாவது ரெண்டு கட்டை தூரத்துக்கு, செட் பண்ணிக்கோங்க, டி ஷார்ப்பை அமுக்கிக்கிட்டு வீலை முழுசா கீழ இறக்கினா சுத்த ரிஷபம், முழுசா மேல ஏத்தினா சுத்த மத்யமம், சரியா கைக்குள்ள வந்து நிக்கும். இப்ப இதை மெதுவா ஆட்டிப் பாருங்க. சாம்பிள் பதிவு பண்ணும்போதே வாசிச்சவர் சுரத்தை லேசா நடுக்கி வாசிச்சிருந்தாருன்னா, நீங்க வீலை ஆட்டுற ஆட்டமும் உள்ள ஏற்கனவே இருக்குற நடுக்கமும் ஒண்ணோட ஒண்ணு மோதி கேக்கவே முடியாத மாதிரி ஆயிடும், சுதி கலைஞ்ச மாதிரி இருக்கும், எங்க தப்புன்னும் கண்டுபிடிக்க முடியாது. அதனால நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின் எது எடுத்தாலும் நான்-வைப்ரட்டோ சாம்பிள் இருக்கான்னு முதல்ல பாருங்க, நடுக்கம் இல்லாம நேரா ஊதினது. நல்ல லைப்ரரின்னா மாட் வீல், அதாவது கீபோர்டுல இருக்குற இன்னொரு சக்கரம், கீழ இருக்கும்போது நேர் சுரம், ஏத்த ஏத்த வைப்ரட்டோ சேர்ற மாதிரி வச்சிருப்பாங்க, அது நமக்கு ரொம்ப வசதி, மாட் வீலைக் கீழ விட்டுட்டு கமகத்தை நம்ம கையாலயே போட்டுக்கலாம்.

லெகாட்டோன்னு ஒண்ணு போட்டிருப்பான், அதையும் பாத்துக்கோங்க. ஒரு சுரத்துல இருந்து இன்னொரு சுரத்துக்கு மூச்சு விடாமப் போறதையே தனியா பதிவு பண்ணி வச்சிருந்தா அதுதான் அசல் லெகாட்டோ. சில இடத்துல ரெண்டு சாம்பிளை ஒண்ணு மேல ஒண்ணு தேச்சு மங்க வச்சுட்டு அதுக்கும் அதே பேரைப் போட்டுடுவாங்க, பக்கத்து பக்கத்து சுரத்துல வித்தியாசம் தெரியாது, சட்ஜமத்துல இருந்து பஞ்சமத்துக்குத் தாவிப் பாருங்க, உடனே தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, இந்தியன் லைப்ரரின்னு வர்றதுல சிதார், தபலா, பான்சுரி, ஷெனாய் இதுங்கதான் அதிகம். ஸ்வார்பிளக்னு சுவிட்சர்லாந்துல இருக்குற ஸ்வார் சிஸ்டம்ஸ் கம்பெனியோடது ஒண்ணு இந்திய வாத்தியங்களுக்குன்னே இருக்கு, அதையும் கேட்டுப் பாருங்க. ஆனா தயவு செஞ்சு ஷெனாயைப் போட்டுட்டு நாதஸ்வரம்னு சொல்லாதீங்க. ஷெனாய் சின்னது, சத்தம் மெல்லிசு, நாதஸ்வரத்துல இருக்குற அந்த கனம், அந்த நெஞ்சுல வந்து மோதுறது அதுல இல்ல, காளியம்மன் கோயில்ல சின்ன வயசுல இருந்து மேளம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு ரெண்டு சுரத்துலயே தெரிஞ்சுபோயிடும்.

தவிலுக்கு சோதனை வேற. வலது கையில விரலுக்கு கூடு மாட்டி அடிக்கிறது, இடது கையில குச்சி, ரெண்டும் சேர்ந்து வேகமா உருட்டும்போது ஒரு அடி மாதிரி அடுத்த அடி இருக்கவே இருக்காது. சாம்பிள்ல ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தா டகடகன்னு துப்பாக்கி சுடுற மாதிரி கேக்கும், மிஷின் கன்னுன்னே சொல்வாங்க இதை. அதைத் தடுக்கத்தான் ரவுண்டு ராபின், ஒரே அடியை நாலஞ்சு தடவை பதிவு பண்ணி மாத்தி மாத்தி போடுறது. அதோட வெலாசிட்டி லேயர், மெதுவா அடிச்சா ஒரு பதிவு, ஓங்கி அடிச்சா வேற பதிவு. கீபோர்டு லேப்டாப்போட பேசுற முறை மிடி, அதுல வெலாசிட்டி, அதாவது அடியோட வேகம், 127 வரைக்கும் போகும், ஆனா உள்ள ஒரே ஒரு பதிவுதான் இருக்குன்னா சத்தம் கூடும் குறையும், குணம் மாறவே மாறாது. ஒரே கட்டையை மெதுவா ஆரம்பிச்சு ஓங்கி அடிக்கிற வரைக்கும் ஏத்திக்கிட்டே போங்க, எங்கயாவது டக்குனு குதிக்குதான்னு கேளுங்க, குதிச்சா லேயர் கம்மி. இது எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்தா சாலமண்டர் கிராண்டு பியானோ இறக்கிக்கோங்க, இலவசம், யமஹா சி5 பியானோவை 16 வெலாசிட்டி லேயர்ல பதிவு பண்ணது, காதுக்குப் பாடம் மாதிரி.

லூப்பு, அதாவது ஏற்கனவே வாசிச்சு வச்ச தாளத் துண்டு, மட்டும் குடுக்குற பெர்கஷன் லைப்ரரியை நான் வாங்க மாட்டேன். ஆதி தாளத்துக்கு ஓடும், கண்ட சாப்புல ஒரு பாட்டு வந்தா அஞ்சுக்கு வெட்டி ஒட்டணும், மிஸ்ர சாப்புன்னா ஏழு, வெட்டின இடம் எல்லாம் கேக்கும். தனித்தனி அடியா குடுத்திருக்கானான்னு பாருங்க, த, தொம், நம் எல்லாம் தனித்தனி கட்டையில இருந்தா எந்தத் தாளமும் நம்மளே கட்டிக்கலாம்.

இப்ப நம்ம ஊரு நிலைமைக்கு வர்றேன், இதை வெளிநாட்டுல இருக்குறவங்க எழுதுற ரிவ்யூல பாக்க முடியாது. கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, நெட்டு இழுத்துக்கிட்டு இருக்கும், வெளிநாட்டுக்குப் பணம் கட்ட எல்லார்கிட்டயும் கார்டு இருக்காது. அதனால அடிக்கடி நெட்டுல போய் லைசென்ஸ் செக் பண்ற லைப்ரரி, மாசா மாசம் சந்தா கட்டுறது, இதெல்லாம் எவ்வளவு நல்ல சவுண்டா இருந்தாலும் நமக்கு வேண்டாம், திருவிழாவுக்கு முந்தின நாள் ராத்திரி அது திறக்கலைன்னா யாரைப் போய் கேப்பீங்க. லைப்ரரியைத் திறந்து வாசிக்கிற சாஃப்ட்வேர் கான்டாக்ட், அதோட சின்ன வெர்ஷன் கான்டாக்ட் பிளேயர் இலவசம்னு போட்டுட்டு எல்லா கான்டாக்ட் லைப்ரரியும் அதுல ஓடும்னு நினைக்கிறவங்க நிறைய பேரு இருக்காங்க, ஓடாது, பிளேயருக்குன்னு லைசென்ஸ் எடுத்த லைப்ரரி மட்டும்தான் முழுசா ஓடும், மத்தது 15 நிமிஷத்துல டெமோ முடிஞ்சு நின்னுடும், அதுக்கு காசு குடுத்து முழு கான்டாக்ட் வாங்கணும். வாங்குற பக்கத்துல இந்த விஷயம் சின்ன எழுத்துல இருக்கும், தேடிப் படிச்சுட்டு காசு கட்டுங்க.

கிராக் பண்ணதை பென் டிரைவ்ல குடுக்குறாங்க, வேண்டாம்னுதான் சொல்வேன். அந்த சவுண்டுக்காக யாரோ ஒரு வித்வான் நாள் முழுக்க உக்காந்து ஒவ்வொரு சுரமா வாசிச்சிருக்காரு, நாமளும் வாசிச்சு சம்பாதிக்கிறவங்கதானே. இலவசமாவே நேர்மையா கிடைக்கிறது இப்ப ஏகப்பட்டது இருக்கு. பிளோக் கம்பெனியோட சஃபோர்சாண்டோங்கிற இலவச சாம்பிள் பிளேயரைப் போட்டா எஸ்எஃப்இசட்ங்கிற ஃபார்மட்ல வர்ற லைப்ரரி எல்லாம் ஓடும். டீசன்ட் சாம்பிளர்னு இன்னொரு பிளேயரும் இலவசம், பியானோபுக்னு உலகம் முழுக்க இருக்குறவங்க தங்க வீட்டு வாத்தியத்தைப் பதிவு பண்ணி பகிர்ந்துக்கிற இடத்துல அதுக்கு நிறைய கிடைக்குது. ஆர்கெஸ்ட்ரா வேணும்னா ஸ்பிட்ஃபயர் கம்பெனியோட பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர், சுமார் 200 எம்பிதான், நம்ம நெட்டுல கூட இறங்கிடும், அதோட பெரிய அண்ணன் ப்ரோ வெர்ஷன் பல நூறு ஜிபி, அதைப் பத்தி நினைக்கவே வேண்டாம். சாமி பாட்டுக்குப் பின்னாடி ஸ்ட்ரிங்ஸ் நிக்கணும்னா டிஸ்கவரே தாராளம்.

ரேம் 8 ஜிபிதான் இருக்குன்னு கவலைப்படுறவங்களுக்கு, சாம்பிளோட ஆரம்பம் மட்டும்தான் ரேம்ல உக்காரும், மிச்சம் டிஸ்க்குல இருந்து ஓடிக்கிட்டே இருக்கும், 90கள் கடைசியில கிகாசாம்ப்ளர்ங்கிற சாஃப்ட்வேர் வந்ததுல இருந்து இந்த முறைதான். அதனால கையில கொஞ்சம் பணம் இருந்தா புது லைப்ரரிக்கு முன்னாடி ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க. வாசிச்சு முடிச்ச டிராக்கை உடனே ஆடியோ ஃபைலா மாத்தி வச்சுடுங்க, பவுன்ஸ்னு சொல்வாங்க இதை, ரேமும் காலியாகும், கரண்ட் போனாலும் செஞ்ச வேலை போகாது.

எந்தக் கம்பெனியும் சரியா குடுக்காத சவுண்டு நம்ம ஊர்லயே நம்மளைச் சுத்தி இருக்கு, அதுதான் எனக்கு இப்ப ரொம்ப ஆசையான விஷயம். பர்மாக்காரங்க சைங் வைங்ல வட்டமா தொங்குற 21 மத்தளம், சோறும் சாம்பலும் பிசைஞ்ச பசையைத் தோல்ல அப்பி ஒவ்வொண்ணா சுதி சேப்பாங்க, அந்த சுதி நம்ம கீபோர்டோட சுதி கிடையாது, அதனால கீபோர்டுல பக்கத்துல இருக்குற சவுண்டைத் தட்டினா திஞ்சான் பாட்டுக்கு உயிரே வராது. அது மாதிரிதான் நம்ம உறுமி. வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்க்கும்போது வருதே அந்த உறுமல், அதை ஒரே அடியா பதிவு பண்ணா வேலைக்கு ஆகாது, அதனால நீளமா தேய்க்கிறது, நடுத்தரம், சட்டுனு வெட்டுறது மூணையும் தனித்தனியா, அதுலயும் ஒவ்வொண்ணையும் பல தடவை பதிவு பண்ணேன். எதிரொலி வராத அறை வேணும், மூலையில போர்வை தொங்கவிட்டா போதும், ஃபேனை நிறுத்திடணும், மைக்கை தோலுக்கு நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வச்சா குச்சி உரசுற கரகரப்பு அதிகமா ஏறாது. அப்புறம் எந்த வேவ் ஃபைல் எந்தக் கட்டைக்கு, எந்த வெலாசிட்டிக்கு, வீல் எத்தனை சென்ட் (ஒரு செமிடோன்ல நூறுல ஒரு பங்கு) வளையணும்னு எஸ்எஃப்இசட் முறையில ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதினா சஃபோர்சாண்டோ அதைத் திறந்துடும், புரோகிராமிங் எதுவும் தெரிய வேண்டாம். முனீஸ்வரன் பாட்டு ஒண்ணுக்கு அதைப் போட்டேன், வாசிச்ச பெரியவரே கேட்டுட்டு "இது எங்க கைதான்"னு சொன்னாரு.

உறுமி ஃபைலை யாரு கேட்டாலும் சும்மாவே குடுக்குறேன், அந்தப் பெரியவரும் சரின்னுட்டாரு. அடுத்தது பம்பை பண்ணணும். மோல்மீன் பக்கமோ தட்டோன் பக்கமோ நல்லா பம்பை அடிக்கிறவங்க உங்க சொந்தத்துல, தெரிஞ்சவங்கள்ல யாராவது இருந்தா சொல்லுங்க, மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டு நானே பஸ் ஏறி வந்துடுறேன்.