மாலத்தீவு அக்காவோடு ஒரு கடலோரச் சுற்று

சிங்கப்பூருக்கு விருந்தாளி வந்தால் மெர்லயன், முஸ்தபா, தேக்காவில் வாழை இலைச் சாப்பாடு என்று ஒரு சுற்று இருக்கிறது. யார் வந்தாலும் அதுதான். பள்ளி விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகளிடம் மட்டும் அது எடுபடவில்லை. அக்கா மாலத்தீவில் கணக்கு டீச்சர். தலைநகர் மாலேயில் இறங்கி அப்புறம் படகு பிடித்துப் போகவேண்டிய சின்னத் தீவு. "கட்டடமெல்லாம் போட்டோவுல பாத்துக்கறேன். நீங்க கடலை எப்படித் தடுக்கறீங்க, அதைக் காட்டுடி" என்றார்.

சரி என்று முதலில் மரினா அணைக்கட்டு. புல்தரைக் கூரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பாலத்தின் நடுவில் நின்று இடது வலது தண்ணீரை மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நன்னீர்த் தேக்கம், நடுவே ஒன்பது மதகுகள். 2008-இல் திறந்தது. கனமழை நேரத்தில் கடல் வற்றமாக இருந்தால் மதகைத் தாழ்த்தி நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏற்றமாக இருந்தால் மதகு மூடியே இருக்கும். ஏழு ராட்சத பம்புகள் நீரை இறைத்துத் தள்ளும். சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகள் இதனால்தான் தப்பிக்கின்றன. ஆர்ச்சர்ட் ரோட்டில் 2010-இல் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இன்னமும் நாங்கள் பெரிய கதையாகச் சொல்வோம். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரை அசத்தியது மதகு இல்லை, நன்னீர். அவர் தீவில் மண்ணுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். மழை அதை நிரப்பும். அலை ஒருமுறை தீவைத் தாண்டிப் போனால் கிணறெல்லாம் உப்பு. 2004 சுனாமியில் பல தீவுகளுக்கு அதுதான் நடந்தது. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். இழப்பு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல். ரா பவளத்தீவுக் கூட்டத்தில் கந்தொலுதூ என்ற தீவை ஊரே காலி செய்தது. அந்த மக்களுக்குப் பக்கத்துத் தீவில் வீடு கிடைக்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. அன்று சுமத்ரா நமக்குக் கேடயமாகக் குறுக்கே படுத்திருந்தது. சிங்கப்பூருக்கு ஓர் அலைகூட வரவில்லை.

"சுனாமி எப்பவோ ஒருதரம். எங்களைப் படுத்தறது சும்மா வர்ற அலைதான்" என்றார் அக்கா. வானம் பளிச்சென்று இருக்கும், காற்றே இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை கரையேறி வீட்டுக்குள் வரும். 1987 ஏப்ரலில் மாலேயே அப்படி மூழ்கியது. அதற்குப் பிறகுதான் ஜப்பான் பணத்தில் மாலேயைச் சுற்றி நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கினார்கள். மற்ற தீவுகளுக்குப் பவளப்பாறைதான் சுவர். 1998-இல் கடல் சூடாகி ஆழம் குறைந்த இடங்களில் பெரும்பாலான பவளம் வெளுத்துச் செத்தது. திரும்ப வளர்ந்து வரும்போது 2016-இல் மறுபடியும்.

மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். "இதுவும் நாங்க கொட்டின மண்ணுதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இதற்கு வெளியே 'லாங் ஐலண்ட்' என்று இன்னும் 800 ஹெக்டர் நிலம் மீட்கப் போகிறார்கள். உயரமாகக் கட்டினால் அதுவே கடற்சுவர். சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 30 சதவீதம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார். மாலத்தீவில் 80 சதவீத நிலம் ஒரு மீட்டருக்கும் கீழே. இங்கே பிளாட்பாரத்தில் ஏறி நின்றாலே அவருக்குக் குன்றுதான்.

"காசு இருக்கு, கட்டறீங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் வேறு கணக்குப் போட்டார். சாத்தே வாங்கிய ரசீதின் பின்னால் ஒரு பெரிய வட்டம், பக்கத்தில் குட்டிக் குட்டி வட்டங்கள். "உங்களுக்கு ஒரு தீவு. எங்களுக்கு ஆளிருக்கற தீவே கிட்டத்தட்ட இருநூறு. மொத்தப் பரப்பு ஒண்ணுன்னே வெச்சுக்கோ, சுற்றளவைக் கூட்டிப் பாரு." போனில் தட்டிப் பார்த்தேன். ஒரே வட்டத்துக்கு ஆகும் சுவரைப்போல 14 மடங்கு. சுவருக்குப் பதில் இன்னொரு வழியும் உண்டு: மாலே பக்கத்தில் 1997 முதல் மண் கொட்டி, கடலுக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் ஹுல்ஹுமாலே என்ற தீவை உருவாக்கி, மக்களை அங்கே கூட்டுகிறார்கள். சொந்தத் தீவை விட்டு யார் மனசார வருவார்கள் என்பது வேறு வழக்கு. அக்காவின் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் வரமாட்டேன் என்கிறார்களாம்.

2019 தேசிய தின உரையில் பிரதமர் லீ சியன் லூங், அடுத்த 50 முதல் 100 ஆண்டுகளில் கடலைத் தடுக்க 10,000 கோடி வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ ஆகும் என்றார். அதை அந்த ரசீதின் ஓரத்தில் எழுதிக்கொண்டார் அக்கா. பத்தாம் வகுப்புக்கு அடுத்த பரீட்சையில் இதுதான் கேள்வியாம்.