எண்பது

"எனக்கு எத்தனை மார்க்குங்க சார் போட்டீங்க?"

அந்த அக்கா கேட்டபோது ஸ்டாப்வாட்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். "மார்க் உங்களுக்கு இல்லைங்க அக்கா, வேலைக்கு" என்றேன். "வேலையச் செய்யறது நானுங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். தாளில் 80 என்று எழுதி முடித்திருந்தேன்.

வேலை பார்த்துக்கொண்டே இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் படிப்பவனுக்கு ப்ராஜெக்ட் தேடி அலையும் கஷ்டம் இல்லை. நான் எங்கள் கம்பெனியில், துளை போட்ட உலோகத்தின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரம் போட்டு எடுக்கும் பிரிவை எடுத்துக்கொண்டேன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் தேவை என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கும் நேர ஆய்வில் ரேட்டிங் என்று ஒன்று உண்டு. ஆள் சாதாரண வேகத்தில் செய்தால் 100, மெதுவாகத் தெரிந்தால் அதற்குக் கீழே. இதைக் காட்ட எங்கள் பேராசிரியர் ஒருநாள் சீட்டுக்கட்டோடு வந்தார். 52 சீட்டையும் நான்கு பேருக்குப் போடுவதுபோல அரை நிமிடத்தில் போட்டால் அது 100. ஷிஃப்ட் முடிந்து ஆயில் வாசனையோடு வந்திருந்த நாங்கள் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். எனக்கு 34 வினாடி ஆனது. அதாவது 88. யாரும் எழுதி வைக்கவில்லை.

சீட்டுக்கு அரை நிமிடம் என்று ஓர் அளவு இருக்கிறது. ஹவுசிங் என்கிற அலுமினிய உறையில் அரம் போடுவதற்கு என்ன அளவு? பார்க்கிறவன் கண்தான்.

ஒரு பீஸுக்கு அந்த அக்கா எடுத்தது சராசரி 50 வினாடி. 80 போட்டால் 40. ஓய்வுக்கும் களைப்புக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 46. சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி நேரத்தில் 587 பீஸ் எடுக்க வேண்டும். அதே கணக்கில் 95 போட்டால் 494 வரும். அவர் வழக்கமாக எடுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் 494 வந்தால் என் ப்ராஜெக்ட்டில் காட்ட ஒன்றும் இருக்காது.

அதற்காகத்தான் 80 போட்டேனா? இல்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொள்கிறேன். அரம் போட்டு முடித்ததும் ஒவ்வொரு பீஸிலும் துளையின் விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். வேலை முறைத் தாளில் அது கிடையாது. தேவையில்லாத அசைவு என்று குறித்தேன். புத்தகப்படி அது சரிதான். ஆனால் தேவையில்லாத அசைவு என்றால் அதைத் தனியாகக் கழித்திருக்க வேண்டும், வேகத்தில் கைவைத்திருக்கக் கூடாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

நேர ஆய்வின் முன்னோடி டெய்லர் 1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஓர் ஆள் ஒரு நாளில் சுமந்த இரும்பை 12½ டன்னிலிருந்து 47½ டன்னுக்கு ஏற்றிய கதையை எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த 75 பேர் கூட்டத்தில் எட்டுப் பேருக்கு ஒருவரால்தான் அது முடிந்தது என்று டெய்லரே எழுதியிருக்கிறார். மீதி ஏழு பேரைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

587ஐ நிர்வாகம் இன்சென்டிவ் கணக்குக்கு எடுத்துக்கொண்டது. அதை நான் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, கட்டைவிரல் தடவலை மட்டும் விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் துளையில் பிசிறு என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. ஐந்து முறை ஏன், ஏன் என்று கேட்டு, டிரில் மழுங்கியதுதான் காரணம் என்று முடித்தோம். டிரில் மழுங்கித்தான் இருந்தது. மழுங்கினால் பிசிறு கூடும், அதிலும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன். முன்னாலும் எத்தனையோ டிரில் மழுங்கியிருக்கும், அப்போதெல்லாம் ஏன் புகார் வரவில்லை என்பது ஆறாவது ஏன். படிவத்தில் ஐந்து கட்டம்தான்.

போன வாரம், இப்போது அதே படிப்பில் சேர்ந்திருக்கும் ஜூனியர் பையன் என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மாதிரிக்குக் கேட்டான். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன். ராத்திரி போன் செய்தான். "ரேட்டிங் மட்டும் எப்படிப் போடறதுன்னு பிடிபடலைங்க சார்."

"சீட்டுக்கட்டு வாங்கிப் போட்டுப் பழகு" என்றேன்.