கொழுந்து எறியும் கை

சத்திரசிகிச்சைக்கு முன்பே கையை அளந்து வைப்பது எங்கள் வழக்கம். பிறகு வீங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக, கையின் நிணநீரை வடிக்கும் கமக்கட்டு நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு மறுபடி கை தூக்கப் பழக்குவது என் வேலை.

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மாவின் முழங்கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்யும் மகன் போனை நீட்டினார். "மிஸ், இந்தியாவுல ரோபோவால செய்றாங்களாம். கடன் வாங்கியாவது கூட்டிட்டுப் போகவா? அப்ப கை வீங்காதுல்ல?"

ரோபோ தானாக வெட்டுவதில்லை, தம்பி என்றேன். டொக்டர்தான் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்து அதன் கைகளை ஓட்டுகிறார். தழும்பு சின்னது. டொக்டரின் கைநடுக்கம் கருவிக்குப் போகாது. ஆனால் நேரடியாகச் செய்யும்போது விரல் தொட்டறியும் முடிச்சைப் பெரும்பாலான ரோபோக்களில் கண்தான் ஊகிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயில் அதன் பாதுகாப்பும் பலனும் இன்னும் நிறுவப்படவில்லை என்று 2019 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய நிணநீர்க் குழாயை நாளத்தோடு தைத்து வீக்கத்தைக் குறைக்கும் வேலைக்குத்தான் ரோபோவை நான் ஆவலோடு பார்க்கிறேன்.

கை வீங்குவதைத் தீர்மானிப்பது தழும்பின் நீளமல்ல, எத்தனை முடிச்சு போனது என்பதும் பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பதும். நீலச் சாயமோ கதிரியக்கத் திரவமோ ஏற்றி, அதை முதலில் வாங்கும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் முறை 1990களில் வந்தது. (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் வாட்டே கலங்கும்.) அதோடு நின்றால் இருபதில் ஒருவருக்கு வீங்கலாம். கமக்கட்டை முழுதாகத் துப்புரவாக்கினால் ஐந்தில் ஒருவருக்கு. இந்த அம்மாவுக்கு முடிச்சுகள் கையில் தட்டுப்பட்டன, அவற்றில் புற்றுநோய் இருப்பதை ஊசிப் பரிசோதனையும் உறுதிசெய்தது. முழுதாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கருவியானாலும் அதேதான்.

அம்மா ரோபோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கூடை தூக்கலாமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

என் ஆரம்ப வருடங்களில் பதில் தயாராக இருந்திருக்கும்: ஒரு தேங்காய்க்கு மேல் தூக்கவே கூடாது. எத்தனை பேரை அப்படிச் சொல்லி வீட்டில் உட்கார வைத்தேனோ! கை வீங்கியவர்களே மேற்பார்வையில் படிப்படியாகப் பாரம் தூக்கியும் வீக்கம் கூடவில்லை என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த பிறகும் என் வாய் மாறச் சில காலம் எடுத்தது.

"பாரம் தலைக்கயிற்றில்தானே தொங்கும்" என்று அம்மாவே விளக்கினார். கைக்கு வேலை பறிப்பதும், பறித்ததைத் தோளுக்கு மேலால் பின்கூடைக்குள் எறிவதும். கமக்கட்டில் வெட்டினால் முதலில் இறுகிப்போவதே அந்த அசைவுதான். எங்கள் பயிற்சித் தாளில் சுவரில் விரலேற்றுவது இருக்கிறது, தலைவாருவது இருக்கிறது. கொழுந்து எறிவது இல்லை. பேனாவால் எழுதிச் சேர்த்தேன். கீறல் பட்டால் உடனே கழுவு, கை சிவந்து காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே என்பதையும்.

ஆறாம் வாரம் கிளினிக்குக்கு வந்தவர் கதிரையில் உட்காரு முன்பே எறிந்து காட்டினார். வலக்கை தோளைத் தாண்டியது. வெட்டின இடக்கை காதருகே நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு சாண் இருக்கு மிஸ்" என்றார்.